அம்மன் முன்னால் அடைக்காத காது

என் கணவருக்குப் பொருத்தமான காதடைப்பான் இந்த உலகத்தில் எங்கோ ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அவர் காதில் வைப்பதற்குள் என் உயிர் போய்விடும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன். சொல்லிவந்தேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. உண்மையில் கத்திவந்தேன். ஜோகூரில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடியில், நாங்கள் என்ன சமைக்கிறோம், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகப்போகிறோம், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதெல்லாம் மேல்மாடி கீழ்மாடி எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் பாதிதான் தெரியும்.

துணி துவைக்கிற மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கீச்சுக் குரலில் கூப்பிடும். அவர் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"ஏங்க, மெஷின் அவ்ளோ நேரமா கத்துதே, கேக்கலயா?"

"அது எங்க கத்துச்சு? நீதான் கத்துற."

இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளுவது? தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் எல்லார் வீட்டிலும் அடக்கமாகத்தான் வாசிக்கிறாள். எங்கள் வீட்டில் மட்டும் தேர்தல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி வாசிப்பாள். சத்தத்தைக் குறைத்தால், "ஏன் அமுக்கி வெச்சே?" என்று கோபம் வரும்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறோம். ஏர்கண்டிஷன் பெட்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற இடம். அவர் பிரெஸ் மெஷினில் நிற்கிறார். மேலிருந்து இரும்பு இறங்கும், தகடு மோல்டில் அழுந்தி வடிவம் எடுக்கும், மறுபடி இரும்பு ஏறும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் தரை கொஞ்சம் அதிரும். அப்படி ஒன்றல்ல, ஒரு வரிசையே நிற்கிறது. நான் தகடுகளைச் சரிபார்க்கிற பிரிவில், கண்ணாடி அறைக்குள் இருக்கிறேன். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால்கூட அந்தப் பிரெஸ் வரிசையைக் கடந்துதான் போகவேண்டும், அந்தக் கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மண்டைக்குள் ஏதோ புகுந்த மாதிரி இருக்கும். அவர் அங்கே இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறார்.

காதுக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பஞ்சு வைத்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே போகும்போது, காற்று புகாமல் இருக்கக் காதில் ஒரு துண்டுப் பஞ்சு வைப்போம் இல்லையா, அதே பஞ்சு. அதைத் தேங்காயெண்ணெயில் லேசாகத் தொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். "நான்தான் அடைச்சிருக்கேனே" என்று பெருமை வேறு. கம்பெனி கொடுத்த காதடைப்பான்கள் அவருடைய லாக்கரில் பிரிக்காமலே கிடந்தன. பஞ்சு சத்தத்தைத் தடுக்காது, வெறும் எண்ணெய்தான் காதில் இறங்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எங்கள் அப்பா அப்படித்தான் வைத்தார், ஆலையில் வேலை செய்த சித்தப்பா அப்படித்தான் வைத்தார் என்று ஒரு பரம்பரையையே எடுத்து விடுவார். அந்தச் சித்தப்பாவோடு போனில் பேச வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

வருடத்துக்கு ஒரு முறை தொழிற்சாலை வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். அதற்குள் சத்தமே நுழையாத சின்ன அறை. தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வருடம் அவர் பொத்தானை அழுத்தியது போதவில்லை. இரண்டு காதிலும் கூர்மையான ஓசைகளைக் கேட்கும் திறன் இறங்கிவிட்டது, இடது காதில் கூடுதலாக. கம்பெனி டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: போனது போனதுதான், எந்த மருந்தாலும் திரும்பாது. இருப்பதையாவது காப்பாற்றுங்கள். அடுத்த வருடம் இன்னும் இறங்கினால் பிரெஸ் பக்கமே விடமாட்டோம்.

வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த வேன்ல ஏசி சத்தம், அதான் சரியா கேக்கல." தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பாதுகாப்புக் குழுவில் போட்டார்கள். பெரிய தகுதி ஒன்றும் இல்லை. எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள் உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் புதிய காதடைப்பான் வாங்குவது பற்றிப் பேச்சு. டப்பா மேல் ஒரு எண் போட்டிருப்பார்கள், எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று. எந்த டப்பாவில் பெரிய எண் இருக்கிறதோ அதை வாங்கிப் போடலாம் என்றார் மேனேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய எண் என்றால் பெரிய பாதுகாப்பு, அவ்வளவுதானே? நானும்தான் ஆட்டினேன்.

வாங்கி வந்தது மஞ்சள் நிறப் பஞ்சுமிட்டாய் மாதிரி மெத்தென்ற உருளை, இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். அதை விரலால் நூல் மாதிரி உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரிந்து அடைக்கிறவரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை? எங்கள் ஆட்கள் அதை அப்படியே பட்டாணி மாதிரி காது வாசலில் சொருகிக்கொண்டு நின்றார்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இந்த மனுஷன் மெஷின் எண்ணெய்க் கையாலேயே அதை உருட்டி உருட்டி வைத்து, காது அரித்து, சீழ் வைத்து, கிளினிக்குக்குப் போய் வந்தோம். காதைக் காப்பாற்றப் போய்க் காதே புண்ணானதுதான் மிச்சம்.

சரி, ஒழுங்காகக் கை கழுவிவிட்டு வையுங்கள் என்று நானே நின்று வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தோளில் போட்டிருக்கிறார். ஓய்வு நேரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் எடுத்தீங்க?"

"மெஷின் பேசறது கேக்கல. மோல்டு தேய ஆரம்பிச்சா அடி மாறும். அது கேக்கலன்னா கை போயிரும். உனக்குக் காது முக்கியமா, கை முக்கியமா?"

"ரெண்டும் வேணும்! கடவுள் ரெண்டையும்தான் குடுத்தாரு!"

இதில் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அளவுக்கு மீறி அடைத்தால் பக்கத்தில் வருகிற ஃபோர்க்லிஃப்ட் ஹார்ன்கூடக் கேட்காது, ஆட்கள் பயந்துபோய்க் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய காதடைப்பானுக்கு எவ்வளவு பெரிய எண் இருந்து என்ன?

பிறகு காதை முழுக்க மூடுகிற, தலைக்கு மேல் வளைவு போட்ட கவசத்தை வாங்கிக் கொடுத்தார்கள். ஜோகூர் வெயிலில், தகடு சூட்டில், அதைப் போட்டுக்கொண்டு நிற்பது காதுக்குத் துண்டு கட்டி இட்லி அவிக்கிற மாதிரி. அதுவும் இவர் மூக்குக்கண்ணாடி போட்டவர். கண்ணாடிக் காம்பு இடையில் போவதால் ஓரத்தில் இடைவெளி, அதன் வழியாகச் சத்தம் சுகமாக உள்ளே போகிறது. தலைத்துணி அணிகிற மலாய்க்காரப் பெண்களுக்கும் அது சரிவரவில்லை, துணி மேல் அது நிற்காது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், காலையில் சின்ன அடைப்பானை ஒழுங்காகக் காதில் வைத்து அதற்கு மேல் தலைத்துணியைக் குத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கழற்ற வேண்டுமென்றால் ஊசி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். யார் பிரிப்பார்கள்? சாப்பாட்டு நேரம் வரைக்கும் அது அப்படியே இருக்கும். பிரெஸ் பக்கத்தில் வேலை செய்கிற அந்தப் பெண்களுடைய காதுகள் கொஞ்சமும் இறங்கவில்லை என்று சேஃப்டி ஆபீசர் என்னிடம் சொன்னார்.

இந்த சேஃப்டி ஆபீசர் பத்து பஹாட் பக்கத்திலிருந்து வந்த மலாய்க்காரத் தம்பி. எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். அவர்தான் கடைசியில், "அக்கா, எண்ணைப் பார்க்க வேண்டாம். எதைக் கழற்றாமல் போட்டிருப்பார்களோ அதைப் பார்ப்போம்" என்றார். பல வகைகளை வரவழைத்து, காது அளவு பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸையும் கூப்பிட்டார். நர்ஸ் என் கணவர் காதில் சின்ன விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வலது காதுக்கு நடுத்தர அளவு, இடது காதுக்குச் சின்ன அளவு என்றாள், வைக்கிற விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

"எனக்கு ரெண்டு காதும் ஒரே மாதிரிதான்" என்றார் இவர், ஏதோ மானம் போன மாதிரி.

"உங்க காத நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

குடை குடையாக மூன்று அடுக்கு வைத்த, கழுவிக்கழுவிப் போடுகிற ரப்பர் வகை. நடுத்தர எண். உருட்ட வேண்டாம், காம்பைப் பிடித்துச் செருகினால் போதும், எண்ணெய்க் கை உள்ளே படாது. இடது சின்னது, வலது நடுத்தரம். போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். திரும்பி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். மோல்டின் அடி கேட்கிறது, காது வலிக்கவில்லை. ஐயோ சாமி, நான் மூன்று குழந்தை பெற்றபோதுகூட இப்படி மூச்சு விட்டதில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் அதைக் கழற்றியதே இல்லை. கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அவர் உருமி அடிக்கிறவர். எங்கள் கோயில் உருமி மேளத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது, அடிக்கிறவர்களின் தாளம் பிடிக்காமல், மாலையோடு போய் உருமியை வாங்கித் தானே அடித்தவர். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் உருமி உறுமும், மறு பக்கத்தை அடித்தால் அதிரும். சுற்றிலும் பம்பை, தவில், நடுவில் ஜால்ரா. எல்லாரும் வட்டமாக நெருங்கி நின்று அடிப்பார்கள். அந்த வட்டத்துக்குள் நின்றால் நெஞ்செலும்பு ஆடும். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். அம்மன் புறப்படும்போது அந்த மேளம் எழும்பினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அடுத்த வருடச் சோதனைக்கு அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை காலை. முந்தின நாள் முழுக்கப் பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது, காது ஓய்ந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா, இவர்கள் மேளம். சொன்னேன்.

"அவங்க ஃபேக்டரி சத்தத்தச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழம நான் ஃபேக்டரிக்கா போறேன்?"

"மேளமும் சத்தம்தாங்க."

"அம்மா மேளத்தப் போய் சத்தம்ங்கிற? வாயக் கழுவு மொதல்ல!"

சரி, அதையாவது போட்டுக்கொண்டு அடியுங்கள் என்று காதடைப்பான் டப்பாவை நீட்டினேன். பாம்பைக் காட்டின மாதிரி பின்னால் போனார். "சாமி முன்னாடி காத அடைச்சிக்கிட்டு நிக்கிறதா? உன் பேச்சு எனக்குக் கேக்க வேணாம்னு அம்மாகிட்டச் சொல்ற மாதிரி இல்ல? நல்லா இருக்கே உன் நியாயம்!"

இரும்புக்கு முன்னால் அடைக்கச் சம்மதித்த மனுஷன், அம்மனுக்கு முன்னால் அடைக்கமாட்டேன் என்கிறார். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். விளக்கேற்றிக்கொண்டே அம்மா, இவருக்கு நீயாவது புத்தி சொல்லு என்று அவளிடமே முறையிட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

குளுவாங்குக்கு நானும் போனேன். செம்பனை மரக் காட்டுக்கு நடுவில் கோயில், வெயில் பிளந்தது, தீச்சட்டி எடுத்தவர்கள் சுற்றி வந்தார்கள். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை இவர் ஓயாமல் அடித்தார். ஜால்ரா போடுகிறவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுகிறவர்தான், எங்கள் புளோக்கில் குடியிருக்கிறார், ஆள் நல்ல உயரம். இவருக்கு நேர் எதிரே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கித் தட்டினார். எல்லார் கண்ணும் தன் மேல் இருக்க வேண்டும் என்று ஆடுகிறார் பார், என்ன ஒரு ஷோ என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை வேனில் ஏறி இறங்கினார். சேஃப்டி ஆபீசர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். காது போன வருடத்தைவிட நிறையவே இறங்கியிருந்தது. மறு சோதனை வரை பிரெஸ் பக்கம் போகக் கூடாது, பெட்டி கட்டுகிற பிரிவுக்குப் போக வேண்டும்.

"அலமாக், அடடா, இவ்வளவு நல்லாப் போட்டுக்கொண்டிருந்தாரே. வார இறுதியில் ஏதாவது கச்சேரிக்குப் போனாரா?" என்றார் அந்தத் தம்பி.

"கச்சேரி இல்லை. சாமி கும்பிடப் போனேன்" என்றார் இவர் விறைப்பாக.

நான் உருமி மேளம் என்றால் என்ன என்று போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். தம்பி கொஞ்சம் பார்த்துவிட்டுத் தன் காதையே பொத்திக்கொண்டார். ஒரு வேளை இது தற்காலிகமாக மந்தமானதாக இருக்கலாம், காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம், ஆனால் அதுவரைக்கும் எந்த மேளமும் கூடாது என்றார். தற்காலிகமாக மந்தமாவது அடிக்கடி நடந்தால் ஒரு நாள் திரும்பாமலே போய்விடும் என்றும் சொன்னார்.

பெட்டி கட்டுகிற பிரிவில் இவர் இருந்த கோலத்தைப் பார்க்கவேண்டுமே. டேப் ஒட்டுகிற சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் என்னோடு பேச்சில்லை, நான்தான் மேளத்தைக் காட்டிக்கொடுத்தேனாம். நல்லது செய்யப்போய் நான் வில்லியானேன். கடுப்பில் ஒரு வாரம் வெறும் ரசம் வைத்தேன்.

மறு சோதனைக்கு முன்னால் யாராவது வந்து, 'அண்ணே, ஒரு சின்னப் பூசைதான், வாங்க' என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் பாழ். அதனால் ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"இங்க பாருங்க தம்பி, அடுத்த டெஸ்ட்டு வரைக்கும் ஒங்க அண்ணன மேளத்துக்குக் கூப்பிட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"கூப்பிட மாட்டோம் அண்ணி. எங்களுக்குத் தெரியாதா? அண்ணன் காது கொஞ்சம் அப்பிடித்தானே. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று முகம் மாறியது. நான் விடவில்லை.

"அது வந்து அண்ணி... அண்ணனுக்கு ஜால்ரா கேக்கறதில்ல. மேளம் எழும்பிட்டா சுத்தமா கேக்காது. ஒரு தடவ தாளம் விட்டுட்டாரு, அவரு மொகமே செத்துப் போச்சு. அப்பலேர்ந்து நான் அவரு கண்ணுக்கு நேரா நின்னு கையத் தூக்கி அடிக்கிறேன்லா. அவரு என் கையப் பாத்துத்தான் அடிக்கிறாரு."

"எப்பலேர்ந்து?"

"போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசம்."

அவரே தொடர்ந்தார்: "அண்ணி, நீங்க அவருகிட்டச் சொல்லிறாதீங்க. எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. அவரு பாட்டுக்கு சந்தோசமா அடிக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்று வார்த்தை கொடுத்தேன். பஸ் நிரம்பியது, கிளம்பியது. வழியெல்லாம் எரிச்சலாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மேளக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து இந்த மனுஷனைக் கையில் தாங்குகிறார்கள், தாங்கித் தாங்கி மீதிக் காதையும் போக்கிவிடப் பார்க்கிறார்கள். குளுவாங்கில் ஷோ காட்டுகிறார் என்று நான் சிரித்தேனே, அது ஞாபகம் வந்து இன்னும் எரிந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கோபமெல்லாம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவர் மேல்தான் வந்து நின்றது.

மறு சோதனையில் காது போன வருடம் இருந்த இடத்துக்கே திரும்பியிருந்தது. மறுபடி பிரெஸ்ஸுக்குப் போகலாம். சேஃப்டி ஆபீசர் கை கொடுத்தார். அன்று எங்கள் காரில் வந்திருந்தோம்; ஏறியதும் இவர் முதல் வேலையாக, "பாத்தியா? மேளத்தால ஒண்ணும் ஆகல. நீதான் ஊரக் கூட்டுன" என்றார். வாயில் நன்றாக வந்தது. டிரைவர் தம்பிக்குக் கொடுத்த வார்த்தைக்காக அடக்கிக்கொண்டேன். பிளெண்டாங் சாலை விளக்கு வரைக்கும் பல்லைக் கடித்தபடி வந்தது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கோயில் திருவிழா நெருங்கியது. நான் சேஃப்டி ஆபீசரிடம் மறுபடி போய் நின்றேன். மேளம் அடிக்கிறவர்களுக்கு என்று ஏதாவது இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். எல்லா ஓசையையும் சமமாகக் குறைத்து, தாளத்தைக் குழப்பாமல் விடுகிற வகை, நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். இடதுக்குச் சின்னது, வலதுக்கு நடுத்தரம் என்று சொல்லி வரவழைத்தேன். டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே தெரியாது என்பதால் கூச்சப்பட மாட்டார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

திருவிழா அன்று காலை, கோயில் கார் நிறுத்துமிடத்தில், வேட்டி கட்டி நெற்றி நிறைய விபூதியோடு உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"திரும்பவுமா? வெளிய தெரியாதுன்னா அம்மாவுக்கும் தெரியாதா?"

"இதப் போட்டாத்தான் இன்னிக்கு உள்ள போறீங்க."

"போடி வேலயப் பாத்துக்கிட்டு. அவ முன்னாடி என் காத நான் அடைக்க மாட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொடுத்த வார்த்தை போகட்டும் என்று விட்டேன்.

"அவ முன்னாடி ஜால்ரா கேக்குதா ஒங்களுக்கு? சொல்லுங்க. கேக்குதா? கண்ணால பாத்துத்தானே அடிக்கிறீங்க! எத்தன வருஷமா அடிக்கிறீங்க? நீங்க அடைக்க வேணாம், அந்தக் காது தானாவே அடைஞ்சிருச்சு. இருக்கிறதையும் அடைக்கப் பாக்குறீங்க, அவ்ளோதான். நாளைக்கு அவ கூப்பிட்டா எதால கேப்பீங்க?"

கத்தவில்லை நான். அது எனக்கே ஆச்சரியம். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் அவர் என் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

உருமி வாரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "யாரு சொன்னா?" என்றார்.

"யாரு சொன்னா என்ன?"

"எல்லாருக்கும் தெரியுமா?"

நான் டப்பாவை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஏதோ முணுமுணுத்தார், மன்னிப்புக் கேட்டாரா, அனுமதி கேட்டாரா, எனக்குத் தெரியாது. டப்பாவை வாங்கினார். இடது எது, வலது எது என்று பார்த்து, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து, ஒழுங்காக வைத்துக்கொண்டார். நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியே வைத்தார்.

அம்மன் புறப்பட்டாள். மேளம் எழும்பியது. டிரைவர் தம்பி வழக்கம்போல எதிரே வந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கினார். இவர் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். தம்பி ஒரு கணம் தடுமாறி, இன்னும் உயரமாகத் தூக்கித் தட்டினார். உருமி ஒரு இடத்திலும் பிசகவில்லை. கூட்டத்தில் நின்ற எனக்கு ஜால்ரா துல்லியமாகக் கேட்டது, மேளத்துக்கு மேலே, கணீர் கணீர் என்று. எனக்குக் கேட்டது என்பதற்காகவே எனக்கு யார் மேலோ கோபம் வந்தது.

எல்லாம் முடிந்து அன்னதானத்துக்கு உட்காரும் முன் என்னைத் தேடி வந்தார். வேட்டியெல்லாம் வியர்வை. முதலில் குறைதான் சொன்னார்: "இடது பக்கம் கொஞ்சம் லூசா இருக்கு. இன்னும் சின்னது கெடைக்குமான்னு கேளு." கடவுளே, இதற்கும் சின்னது நான் எங்கே போய்த் தேடுவேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டார்.

"இன்னிக்கு ஜால்ரா நல்லா இருந்துச்சா?"

இத்தனை வருடம் அவர் காதில் விழவேண்டும் என்று கத்திக் கத்தியே பழகிய நான், இந்தத் தடவை வெறுமனே தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டு, இலை போட்டிருந்த பக்கம் போனார்.